கிராக்சைடு மாளிகை

கிராக்சைடு என்பது இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்துப் பகுதியில், ராத்பரி என்னும் சிற்றூருக்கு அருகில் அமைந்துள்ள நாட்டுப்புற மாளிகை ஆகும். நீர்மின்னாற்றலால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் வீடு இதுவே எனக் கருதப்படுகிறது. மாளிகையை இயக்குவதற்காக வளாகத்தில் அமைக்கப்பட்ட ஏரிகள், எக்கி நிலையம், மின்னிலையம் ஆகியனவும் இதன் மரபுச் செல்வத்தின் பகுதிகளாகும்.

வரலாறு

இதனைக் கட்டியவர் நியூகாசில் நகரைச் சேர்ந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் (1810–1900). வழக்கறிஞராகப் பணியைத் தொடங்கிய இவர், பின்னர் பொறியியலில் ஈடுபட்டு, நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளை உருவாக்கிப் புகழ் பெற்றார். இவருடைய எல்சுவிக் தொழிற்சாலை பீரங்கிகளையும் போர்க்கப்பல்களையும் பல நாடுகளுக்கு விற்றது. மாளிகைக்கான செல்வத்தில் பெரும்பங்கு இத்தகைய தொழில்களிலிருந்தே வந்தது.

1863 இல் சிறிய ஓய்வில்லமாகத் தொடங்கிய கட்டடம், 1869 முதல் கட்டடக்கலைஞர் ரிச்சர்டு நார்மன் ஷாவின் வடிவமைப்பில் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 1889 இல் பாரசீக மன்னர் இங்கு விருந்தினராக வந்தார்.

நீராற்றலும் மின்னொளியும்

ஆம்ஸ்ட்ராங் வளாகத்தின் ஓடைகளில் அணைகள் கட்டி, ஐந்து செயற்கை ஏரிகளை உருவாக்கினார். எக்கி நிலையத்திலிருந்த பொறி, நீரின் விசையைக் கொண்டே நீரை மேட்டுக்கு ஏற்றியது. மாளிகையின் மின்தூக்கியைப் போன்ற ஏற்றியும், சமையலறையில் இறைச்சியைச் சுழற்றி வாட்டும் கம்பியும் நீராற்றலால் இயங்கின.

1878 இல் ஓவியக்கூடத்தில் வில்விளக்கு ஒன்று பொருத்தப்பட்டது. ஓடையருகே ஒரு சுழலி டைனமோவை இயக்கி, அதற்கான மின்சாரத்தை வழங்கியது. வில்விளக்கின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் தன்மையது. எனவே 1880 இல் ஜோசப் சுவான் உருவாக்கிய மின்னிழை விளக்குகள் பொருத்தப்பட்டன.

நூலகத்தில் எனாமல் பூசிய செப்புச் சாடிகளின்மேல் விளக்குகள் அமைக்கப்பட்டன. சாடியின் செப்புடலே மின்சுற்றின் ஒரு கம்பியாகப் பயன்பட்டது. சாடியின் உள்ளே சென்ற காப்பிட்ட கம்பியின் முனை அடியில் பாதரசத்தைத் தொட்டு நின்றது. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும்; திரும்ப வைத்தால் எரியும். மின்தேவை பெருகியதால், 1886 இல் பர்ன்ஃபுட் மின்னிலையம் கட்டப்பட்டது.

பாதுகாப்பு

ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிள்ளைகள் இல்லாததால், மாளிகை உறவினர் வழியினருக்குச் சென்றது. 1977 இல் இறப்பு வரியின் ஒரு பகுதிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. 1979 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் வரலாற்றுக் கட்டடங்களுக்கான பட்டியலில் மாளிகை மிக உயர்ந்த தரத்தைப் பெற்றுள்ளது. எக்கி நிலையமும் மின்னிலையமும் தனியே பட்டியலிடப்பட்டுள்ளன.

இவ்வாறு துணைக் கட்டடங்களையும் காப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஏரி, குழாய், சுழலி, விளக்கு ஆகியவை ஒரே தொகுதியின் உறுப்புகள். மாளிகை மட்டும் எஞ்சியிருந்தால், விளக்குகள் எவ்வாறு எரிந்தன என்பதை நேரில் கண்டறிய இயலாது. 2014 இல் டம்பிள்டன் ஏரியருகே 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீசு திருகு நிறுவப்பட்டது. அதன்வழி நீராற்றல் மீண்டும் இம்மாளிகைக்கு ஒளி தந்தது.