இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கணித மேதை இராமானுஜன் 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். இரயில்வே எழுத்தனாகிய அடியேனுக்கு அவர்மீது தனிப்பற்று உண்டு. கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றும் அவர் எப்.ஏ. தேறவில்லை. இதனை என் தமக்கை மகனுக்கு எடுத்துரைத்தேன். கணக்கில் தவறிய அவன், படிப்பை நிறுத்திவிட்டு விடியற்கால வண்டியில் பெங்களூர் வேலைக்குப் போகத் துணிந்திருந்தான்.

"அவர் கணக்கில் தவறவில்லையே, மாமா!" என்றான். மறுமொழி கூற இயலவில்லை. ஆகவே எண்களைப் பற்றியே பேசலானேன்.

நம் பாலகாட்டுப் பெரியவர்கள் நாளின் 24 மணி நேரத்தை மூன்று ஷிப்டுகளாகப் பகுத்து உழைத்தவர்கள். சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன, அக்கணக்கு மறக்கவில்லை. 24 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் வெல்லும் எண்களை இராமானுஜன் ஆராய்ந்து, 1915 இல் இலண்டனில் வெளியிட்டார். எப்.ஏ. தேறாத அவருக்கு 1916 இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் அளித்தது அவ்வாராய்ச்சிக்காகவே.

அவர் தந்த பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கு மேற்பட்டது! இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு முறையோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080. அத்தனை வகுத்திகள்! ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. பதிவேட்டில் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு இரவெல்லாம் கூட்டல் ஒவ்வாமல் உழன்றவன் நான்; அதனால் இச்செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. (அவருடைய தேற்றங்களுக்கு இதனால் ஊறு ஒன்றும் இல்லை.) விடுபட்டது 2,93,31,86,25,600. அதன் வகுத்திகள் 5,040, சரிபாதி. ஏன் பாதி? கடைசி எண்ணின் பகா எண்களுள் 23 ஐ மட்டும் நீக்கினால் எஞ்சுவது இவ்வெண்ணே. கண்ணெதிரே நின்ற கடைசி வரிக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது!

பையன் நம்பவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கத் தொடங்கினான். முதன்முறை ஓரிடத்தில் பிழை. அடித்துவிட்டு மீண்டும் போட்டான். விளக்கை அணைக்குமாறு தமக்கை இருமுறை குரல் கொடுத்தார். பதின்மூன்று இலக்கங்களும் ஒத்து வந்தபோது மணி பதினொன்று. "இதற்கு அடுத்த எண் எது, மாமா?" என்றான்.