முட்டை ஓடும் சிறுநீரகமும்

சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும் நண்பகலில், அடையாற்றுச் சாலையோர மரங்களில் காகங்கள் அலகைத் திறந்தபடி மூச்சிரைப்பதைக் காணலாம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடல் வெப்பத்தை அவை பெரும்பாலும் மூச்சின் வழியாகவே தணித்துக்கொள்கின்றன. இதே பருவத்தில் மயிலாப்பூர்க் கடைக்கு வரும் முட்டைகளுள் சில, ஓடு மெலிந்து, சற்று அழுத்தினாலே விரிசல் விடுகின்றன. இவ்விரு காட்சிகளுக்கும் அடிப்படை ஒன்றே. அது பறவையின் குருதியிலுள்ள அமில-காரச் சமநிலை ஆகும்.

இச்சமநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து காக்கின்றன. சிறுநீரக நுண்குழலின் சுவர்ச்செல்லுக்குள் கரியமில வாயுவும் நீரும் இணைகின்றன. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இவ்வினையை விரைவுபடுத்துகிறது. விளைவாக ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு பைகார்பனேட் அயனியும் தோன்றுகின்றன. முன்னது அமிலம், அதை வெளியேற்றாவிடில் செல்லே நலிவுறும். ஆகவே சோடியம் அயனி ஒன்றை உள்ளே ஏற்று, ஹைட்ரஜன் அயனியைச் செல் நுண்குழலுக்குள் தள்ளுகிறது. பைகார்பனேட்டோ மறுபுறச் சவ்வின் வழியே குருதிக்குத் திரும்புகிறது. தள்ளப்பட்ட அமிலத்தை நுண்குழலிலுள்ள பாஸ்பேட்டும், குளுட்டமினிலிருந்து செல்கள் உருவாக்கும் அம்மோனியாவும் ஏற்றுக்கொள்கின்றன. கோயில் கோபுரங்களில் புறாக்கள் இடும் எச்சத்தின் வெண்மைக்குக் காரணமான யூரிக் அமிலம், பெயரில் அமிலமாயினும், முதன்மையாக நைட்ரஜன் கழிவே.

முட்டையிடும் கோழியில் இப்பணி பன்மடங்காகிறது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் கழிகிறது. கால்சியமும் பைகார்பனேட்டும் கூடிக் கால்சியம் கார்பனேட்டாகப் படியும் ஒவ்வொரு முறையும் ஒரு ஹைட்ரஜன் அயனி எஞ்சுகிறது. ஓடு வளர வளரக் குருதியில் அமிலம் ஏறுகிறது. சிறுநீரும் அமிலத்தன்மை அடைகிறது. ஓட்டுக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது உடன் வெளிப்படும் பாஸ்பேட், அந்த அமிலத்தைச் சுமந்து செல்கிறது. இயற்கையின் சிக்கனம் வியப்புக்குரியது!

வெயில் இவ்வேற்பாட்டைக் குலைக்கிறது. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 பாகை செல்சியசை எட்டியது. கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 பாகைதான். காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால், நீரை ஆவியாக்குவதன்றி வெப்பம் தணிக்க வேறு வழியில்லை. கோழி விடாது இரைக்கிறது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. குருதி காரத்தன்மை அடைகிறது. அதை ஈடுசெய்யச் சிறுநீரகச் செல்கள் பைகார்பனேட்டைச் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. தம் கடமையைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் ஓட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் குறைந்துவிடுகிறது. வெப்பத்தால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்வதால் கால்சியமும் குறைகிறது.

கோழி வளர்ப்போர் கோடையில் குளிர்ந்த நீருடன் சமையல் சோடாவைச் சிறிதளவு கலந்து தருவதும், கிளிஞ்சல் தூள் சேர்த்த தீவனத்தை மாலையில் இடுவதும் இதனால்தான். இரவில் ஓடு படியும் நேரத்தில் அந்தக் கால்சியம் குடலில் ஆயத்தமாக இருக்கும்.