மட்டன் ரோல்ஸ் விற்க எந்தச் சொல்லை வாங்குறது?



இந்த வார எபிசோட்டில் கூகிள் விளம்பரம் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் கீவேர்ட் மேட்ச் பகுதியை அவசரமாக முடிச்சிட்டோம். ஆனால் சின்னக் கடைகளின் காசு கரையிற இடம் அதுதான். அதனால் இந்த முறை அதை மட்டும் எழுதுகிறேன்.

நம்மில் பலர்தான் வீட்டின் 'ஐடி டிபார்ட்மென்ட்'. சித்தப்பா டாக்ஸ் ஆபீஸ் திறந்தாலும் சரி, மாமி கேட்டரிங் தொடங்கினாலும் சரி, லாப்டாப் நம்ம மடிக்குத்தான் வரும். ஸ்காபரோவில் இருக்கிற என் மாமியின் கேட்டரிங்குக்கு நான்தான் விளம்பரம் பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் 10 டொலர். முதல் வாரம் மாமி கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, வாங்காத ஆளுக்கும் நான் காசு குடுக்கிறதோ?"

ஓம், அப்படித்தான். கிளிக் பண்ணினாலே காசு போகும். ஆகவே யார் கண்ணில் விளம்பரம் படவேணும் என்று முடிவு செய்வதுதான் முக்கியமான வேலை.

மூன்று வகை

பிராட் மேட்ச்: கீவேர்டைக் குறி எதுவும் இல்லாமல் எழுதினால் இதுதான். மட்டன் ரோல்ஸ் என்று எழுதினால், அதோடு தொடர்பு இருக்கு என்று கூகிள் நினைக்கிற எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகலாம். அந்தச் சொல் தேடலில் இருக்க வேண்டும் என்றே இல்லை. தேடுகிறவர் சற்று முன் என்ன தேடினார், உங்கள் இணையப் பக்கத்தில் என்ன இருக்கு என்பதையும் அது கணக்கில் எடுக்கும். காத்தி ரோல் தேடுறவரும் வரலாம், ஆட்டிறைச்சி விலை பார்க்கிறவரும் வரலாம்.

ஃபிரேஸ் மேட்ச்: மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். உங்கள் கீவேர்டின் பொருள் தேடலுக்குள் இருக்கும். முன்னும் பின்னும் வேறு சொற்கள் வரலாம். 'ஸ்காபரோவில் மட்டன் ரோல்ஸ் ஆர்டர்' வரும், நல்லது. 'மட்டன் ரோல்ஸ் செய்வது எப்படி' என்பதும் வரும், அது நமக்கு வேண்டாம்.

எக்ஸாக்ட் மேட்ச்: சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்கோ. 2014-ல் எழுத்துப்பிழையையும் ஒருமை பன்மையையும் இதற்குள் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 2018-ல் ஒரே பொருள் தரும் வேறு சொற்களும் உள்ளே வந்தன. பிளஸ் குறி போட்டு பிராட் மேட்ச்சைக் கட்டுப்படுத்தும் பழைய வசதியும் 2021-ல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் வேலி கொஞ்சம் தளர்ந்ததே தவிர இறுகவில்லை.

நம்ம கையில் இருக்கிற கத்தரிக்கோல்

அதனால்தான் நெகட்டிவ் கீவேர்ட் முக்கியம். 'இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே' என்று சொல்வது அது. மாமிக்கு முதலில் போட்டவை: ரெசிப்பி, வேலை, சம்பளம், ஃப்ரோசன்.

ஒரு விஷயம் கவனியுங்கோ: மற்றக் கீவேர்ட் போல இது தானாக விரியாது. ரெசிப்பி என்று ஒருமையில் தடுத்தால் பன்மை தப்பிவிடும். இரண்டையும் எழுதவேணும். எழுத்துப்பிழைகளை மட்டும் 2024 முதல் தானாகப் பிடிக்கிறது.

இங்கேதான் நமக்கு ஒரு அனுகூலம். நம்ம சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல்லிங் கிடையாது. கொத்து ரொட்டியை ஒருவர் இரண்டு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டி.எச்.' போடுவார். இடியப்பத்தைப் பாதி ஊர் ஸ்ட்ரிங் ஹொப்பர் என்று தேடும். அதைத் தேடுறவர் சாப்பிட வந்தவரா, இடியப்ப உரல் வாங்க வந்தவரா? யாழ்ப்பாணச் சாப்பாடு என்று தேடுறவர் ஸ்காபரோவில் பசியோடு இருக்கிறாரா, யாழ்ப்பாணத்துக்கு ஃபிளைட் போட்டுவிட்டு ஹோட்டல் பார்க்கிறாரா? வெளியில் ஒரு ஏஜென்சிக்காரருக்கு இது தோன்றாமல் போகலாம். உங்களுக்குத் தோன்றும். அந்த அறிவுக்குத்தான் இங்கே விலை.

அப்ப எதைத் தேர்வு செய்வது?

பிராட் மேட்ச் கெட்டது இல்லை. எந்தக் கிளிக் ஆர்டராக முடிந்தது என்று கூகிளுக்குத் தெரிந்தால், ஸ்மார்ட் பிடிங்கோடு சேர்ந்து அது நாம் நினைத்தே பார்க்காத வாடிக்கையாளரைக் கொண்டு வரும். ஆனால் மாமிக்கு ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். அது கூகிளுக்குத் தெரியாது. எது நல்ல கிளிக் என்றே தெரியாத இயந்திரத்திடம் முழுச் சாவியையும் கொடுக்கக் கூடாது.

சின்ன பட்ஜெட்டுக்கு என் ஒழுங்கு இது:

1. எக்ஸாக்டில் ஐந்தாறு, ஃபிரேஸில் இரண்டு மூன்று. எல்லாம் வாங்கும் எண்ணம் தெரிகிற சொற்கள்: ஆர்டர், கேட்டரிங், பார்ட்டி ட்ரே.
2. முதல் நாளே நெகட்டிவ் பட்டியல்.
3. புது கேம்பெயின் போடும்போது பிராட் மேட்ச் சுவிட்ச் ஏற்கெனவே ஓனில் இருக்கிறதா என்று பாருங்கோ.
4. வாரம் ஒருமுறை 'சேர்ச் டேர்ம்ஸ்' ரிப்போர்ட்டைத் திறந்து, பொருந்தாததை நெகட்டிவில் போடுங்கோ. குறைவாகத் தேடப்பட்ட சொற்களை 2020 முதல் கூகிள் அதில் காட்டுவதில்லை. ஆகவே வருகிற ஆர்டரோடும் ஒப்பிட்டுப் பாருங்கோ.
5. 10 டொலர் என்று போட்டாலும் ஒரு நாளில் 20 வரை போகலாம். மாதக் கணக்கில் 304-ஐத் தாண்டாது. இதை மாமிமாருக்கு முதலே சொல்லி வைத்தால் வீட்டில் சமாதானம்.

பிராட் மேட்ச்சைப் பிறகு எப்போதும் திறக்கலாம். போன காசுதான் திரும்பி வராது.

உங்கள் வீட்டுக் கடையின் ரிப்போர்ட்டில் வந்த மிக விசித்திரமான தேடல் எது? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.