சோளக் கொல்லையில் பிறந்த மலை!

மலை என்றைக்குப் பிறந்தது என்று கேட்டால் யாரும் நாள் சொல்ல முடியாது. ஆனால், இந்த மலைக்குப் பிறந்த நாள் உண்டு. அது பிறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதரும் உண்டு!

அவர் பெயர் டியோனிசியோ புலிடோ. மெக்சிகோ நாட்டு விவசாயி.

1943-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி. பரிக்குட்டின் என்ற கிராமத்தின் அருகே, தன் மக்காச்சோளக் கொல்லையை விதைப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார் புலிடோ. சில நாட்களாகவே அங்கு நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது.

மாலை நேரம். திடீரென்று கொல்லையில் பிளவு கண்டது. தரை உப்பி எழுந்தது. "உஸ்" என்ற சத்தத்தோடு புகையும் சாம்பலும் கிளம்பின. கந்தக நாற்றம் வீசியது. புலிடோ பயந்து ஊருக்கு ஓடினார்.

மறுநாள் வந்து பார்த்தால், உழுத நிலத்தில் ஒரு குன்று! ஒரு வாரத்தில் அது 100 மீட்டரைத் தொட்டது. ஓராண்டில் 336 மீட்டர்!

எங்கிருந்து வந்தது?

பசிபிக் கடலின் அடித்தரை, மெக்சிகோவுக்கு அடியில் சிறிது சிறிதாக நுழைகிறது. அதோடு போகும் நீர், ஆழத்தில் உள்ள சூடான பாறையை உருக வைக்கிறது. உருகிய குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட லேசானது. ஆகவே மேலே ஏறுகிறது.

குழம்புக்குள் வாயு அடைபட்டிருக்கிறது. சோடா புட்டியைத் திறந்தால் பொங்குகிறது அல்லவா? அதுபோல, தரையை நெருங்கியதும் வாயு சீறிக்கொண்டு வெளியேறுகிறது. குழம்பையும் தூக்கி எறிகிறது. எறிந்த கல்லும் சாம்பலும் துவாரத்தைச் சுற்றிக் குவிகின்றன. அந்தக் குவியல்தான் எரிமலை!

இமயம் வேறு

இமயமலை அப்படிப் பிறந்தது அல்ல. பாயைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினால் மடிந்து எழும். அதுபோல, இந்திய நிலப்பரப்பு ஆசியாவை முட்டித் தள்ளியதால் பாறைகள் மடிந்து உயர்ந்தன. முட்டத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது!

இமயம், நெருக்கியதால் எழுந்த மலை. எரிமலையோ, தான் கக்கியதைக்கொண்டு தன்னையே கட்டிக்கொண்ட மலை.

தலை நீட்டும் கோபுரம்

பரிக்குட்டின் எரிமலை 9 ஆண்டுகள் சீறியது. 2 ஊர்களை மூடியது. நெருப்புக் குழம்பு மெதுவாக வந்ததால், மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேரம் கிடைத்தது. குழம்பில் சிக்கி யாரும் சாகவில்லை. சாம்பல் மேகத்தில் உண்டான மின்னல் தாக்கி 3 பேர் இறந்தனர்.

1952-ல் மலை அடங்கியது. அப்போது அதன் உயரம், கொல்லைத் தரையிலிருந்து 424 மீட்டர்.

மூடப்பட்ட ஊர்களில் ஒன்றான சான் யுவானில், கறுத்து இறுகிய குழம்பின் நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் இன்றும் தலை நீட்டி நிற்கிறது.

புலிடோவின் கொல்லை? அது மலைக்கு அடியில் கிடக்கிறது. அந்த ஆண்டு விதைக்க நினைத்த சோளத்தை, அவர் அங்கு விதைக்கவே இல்லை.