வாங்கிய இருக்கையில் உட்கார முடியாதவர்கள்

ஒரு விமானத்தில் இருக்கும் இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்பதை ஓவர்புக்கிங் என்கிறார்கள். இது கணினிக் கோளாறோ கவுன்ட்டர் ஊழியரின் கவனக்குறைவோ அல்ல. விமான நிறுவனங்கள் கணக்குப் போட்டு, தெரிந்தே செய்வது. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய மூன்று இடங்களிலும் சட்டம் இதைத் தடைசெய்யவில்லை. பணம் கட்டி, உறுதியான சீட்டோடு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஒருவரிடம் ‘உங்களுக்கு இடமில்லை’ என்று சொல்ல நேர்வது இதனால்தான்.

சீட்டு வாங்கிய எல்லாரும் வந்து ஏறுவதில்லை. ஒருவருக்குக் கூட்டம் நீண்டுவிடும். இன்னொருவர் ஏறி வந்த முந்தைய விமானம் தாமதமாகிவிடும். இன்று விற்காத அரிசியை நாளை விற்கலாம். பறந்துவிட்ட விமானத்தின் காலி இருக்கையை யாரிடமும் விற்க முடியாது. அந்த நஷ்டத்தை முன்கூட்டியே ஈடுகட்டத்தான் நிறுவனங்கள் சில சீட்டுகளைக் கூடுதலாக விற்கின்றன.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 180 இருக்கை கொண்ட விமானம். நூற்றுக்கு ஐந்து பேர் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 186 சீட்டு விற்றால் சராசரியாக 177 பேர்தான் வருவார்கள். ஆனால் எல்லா நாளும் சராசரி நாளாக இருப்பதில்லை. வருவதும் வராததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விஷயம் என்று கொண்டால், ஏறத்தாழப் பத்துப் பயணங்களில் ஒன்றில் 180 பேருக்கு மேல் வந்து நிற்பார்கள். ஒன்பது முறை கூடுதல் வருமானம் நிறுவனத்துக்கு. பத்தாவது முறை தெருவில் நிற்பது பயணி. பண்டிகைக் கூட்டத்தில் யாரும் பயணத்தைக் கைவிடமாட்டார்கள் என்பதால், வழி, நாள், நேரம் பார்த்து இந்த எண்ணிக்கையை நிறுவனங்கள் கூட்டியும் குறைத்தும் வைக்கின்றன.

இந்திய ரயில்வேயும் படுக்கைகளைவிடக் கூடுதலாகச் சீட்டு தருகிறது. ஆனால் ஆர்.ஏ.சி., காத்திருப்போர் பட்டியல் என்று சீட்டிலேயே போட்டிருக்கும். வாங்குகிறவர் தெரிந்துதான் வாங்குகிறார். விமானச் சீட்டில் 186 பேருக்கும் ‘கன்ஃபர்ம்டு’ என்றே இருக்கிறது. கூடுதலாக விற்பதைவிட, விற்றதை மறைப்பதுதான் பெரிய தவறு.

இந்த மறைப்பைத்தான் ரால்ப் நேடர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிப் பெயர் பெற்றவர் அவர். 1972 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டில் ஒரு கூட்டத்தில் பேசப் புறப்பட்டவரை, உறுதியான சீட்டு இருந்தும் அலிகேனி ஏர்லைன்ஸ் ஏற்றிக்கொள்ளவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓவர்புக்கிங் செய்வதைப் பயணிகளிடம் சொல்லாமல் ஏமாற்றியதாக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம், விமானத் துறைக்குத் தனி ஒழுங்குமுறை வாரியம் இருப்பது அதற்குத் தடையில்லை என்று 1976இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

யாரை இறக்கிவிடுவது என்ற கேள்விக்கு நல்ல விடை அதற்கும் முன்பே வந்திருந்தது. பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இல் ஒரு யோசனை எழுதினார். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று பயணிகளையே கேளுங்கள்; குறைந்த தொகை கேட்டவருக்கு அதைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. அவசர அறுவைசிகிச்சைக்குப் போகிறவர் எதற்கும் இறங்கமாட்டார். விடுமுறையில் போகும் கல்லூரி மாணவர் சந்தோஷமாக இறங்குவார். யாருக்கு அவசரம் என்பது அவரவருக்குத்தானே தெரியும்! நிறுவனங்கள் அப்போது இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு கழித்து, ஆல்ஃபிரட் கான் என்ற பொருளியலாளர் தலைமையில் இருந்த அமெரிக்க வான்போக்குவரத்து வாரியம், முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களை நிறுத்தலாம் என்று விதி செய்தது.

விதி இருந்தும் என்ன நடக்கலாம் என்பதை 2017 ஏப்ரல் 9 காட்டியது. சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411 விமானத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் இன்னொரு விமானத்தை இயக்க வேண்டிய ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் வேண்டும் என்று பிறகுதான் தெரியவந்தது. அதாவது, வழக்கமான பொருளில் இது ஓவர்புக்கிங்கே அல்ல. முதலில் 400 டாலர், பிறகு 800 டாலர் மதிப்புள்ள வவுச்சர் தருவதாகச் சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைய சட்டப்படி கட்டாயமாக நிறுத்தப்படுகிறவருக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 1,350 டாலர். நிறுவனம் அதைக்கூடத் தொடாமல் ஏலத்தை நிறுத்தி, நான்கு பேரைத் தானே தேர்ந்தெடுத்தது. மூன்று பேர் இறங்கினார்கள். நான்காமவர் 69 வயது மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று மறுத்தார். விமான நிலையப் பாதுகாப்பு அலுவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, நடைபாதையில் தரதரவென்று இழுத்துப்போனார்கள். மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின, தலையில் அடிபட்டது.

சக பயணிகள் எடுத்த வீடியோ உலகமெங்கும் பரவியது. பயணிகளை ‘மறு ஏற்பாடு’ செய்ய நேர்ந்ததற்காக வருந்துவதாக நிறுவனத்தின் தலைமை அதிகாரி முதலில் அறிக்கை விட்டார். இரத்தம் வழிய ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டதற்கு அப்படி ஒரு பெயர் வைத்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அந்த மாதமே மருத்துவரோடு சமரசம் ஆயிற்று. தானாக இறங்குகிறவருக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று யுனைடெட் விதியை மாற்றியது. 800 டாலரோடு நின்ற ஏலம் சில ஆயிரம் வரை போயிருந்தால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பார். அதே ஆண்டு சவுத்வெஸ்ட் நிறுவனம் ஓவர்புக்கிங்கையே கைவிட்டது. போர்டிங் பாஸ் ஏற்கப்பட்டு விமானத்தில் ஏறிவிட்டவரை இடமில்லை என்று சொல்லி இறக்கக் கூடாது என்பது பின்னர் அமெரிக்கச் சட்டமாகவே ஆனது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கணக்கு எளிது. தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ; சீட்டின் விலை என்னவாக இருந்தாலும் இதுதான். சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தனி.

இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏயின் விதி 2010இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது. இங்கும் முதலில் விருப்பமுள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும். நேரத்துக்கு வந்தும் கட்டாயமாக நிறுத்தப்படுகிறவருக்கு, குறித்த புறப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் இடம் கொடுத்துவிட்டால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகையைப் போல இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். மாற்று விமானம் வேண்டாம் என்கிறவருக்குச் சீட்டின் முழுப் பணத்தோடு இந்த நான்கு மடங்கும் அதே வரம்புக்குள் சேரும்.

எழுதிவைத்த விதி கவுன்ட்டருக்கு வந்து சேருவதில்லை என்பதுதான் இங்குள்ள குறை. விதி தெரியாத பயணிக்கு அடுத்த விமானத்தின் சீட்டும் ஒரு சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்து அனுப்பிவிட முடிகிறது. பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி விமான நிலையங்களில் சோதனை நடத்திய டிஜிசிஏ, நிறுத்தப்பட்டவர்களுக்கு இழப்பீடு தராததற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து பாட்னா போகவிருந்த ஒரு பயணி நிறுத்தப்பட்ட வழக்கில், விதியில் உள்ள உச்சவரம்பு பயணியின் உரிமைக்கு வரம்பு அல்ல, அதற்கு மேலும் நஷ்டஈடு கேட்டு அவர் வழக்குப் போடலாம் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியது. எனவே இறக்கிவிடப்படுகிறவர் கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்க வேண்டியது, இடம் மறுக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் உதவப்போவது அந்தத் தாள்தான்.