மேசை மேல் பறக்கும் ஆவ்ரோ

மாலை நேரத்தில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் இரைந்து செல்லும் விமானத்தை நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதை நாமே ஓட்டினால் எப்படி இருக்கும் என்று நினைக்காதவர் உண்டா? எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர். திருச்சி விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆகவே விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் நான் சொல்லப்போகும் விமானத்துக்கு ஓடுபாதை வேண்டாம். அது என் வீட்டு மேசையிலுள்ள பழைய கணிப்பொறியில் பறக்கிறது. அதன் பெயர் ஆவ்ரோ 748. அதை ஓட்டிப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட இயற்பியல் கொஞ்சமல்ல. அதைவிட முக்கியமான பாடம் ஒன்றும் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தரையிலேயே பறப்பது

வானில் ஏறாமல் விமானம் ஓட்டப் பழகும் கருவிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். பாவனை விமானம் எனலாம். 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் இதை வெற்றிகரமாகச் செய்தார். அவருடைய தந்தை ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே லிங்க் ஒரு சிறிய மரப்பெட்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயவைத்தார். முதலில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைக் கொண்டு செல்லும்போது, மோசமான வானிலையில் பலர் இறந்தனர். அதன் பிறகே ராணுவம் அவரிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது.

கணிப்பொறி வந்ததும் துருத்தியின் இடத்தைக் கணக்கு பிடித்துக்கொண்டது. அமெரிக்க மாணவர் புரூஸ் ஆர்ட்விக், விமானம் பறப்பதைக் கணிப்பொறித் திரையில் காட்டுவது பற்றி 1975-ல் ஆய்வேடு எழுதினார். அவர் உருவாக்கிய நிரலே 1982-ல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற பெயரில் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வந்தது. ரைட் சகோதரர்கள் பறந்த நூறாம் ஆண்டையொட்டி 2003-ல் வெளியான பதிப்புக்கு ‘ஃபிளைட் சிமுலேட்டர் 2004’ என்று பெயர். என்னிடம் இருப்பது அதுதான்.

“இவ்வளவு பழையதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பீர்கள். 2020-ல் வந்த பதிப்புக்கு 150 ஜி.பி. இடமும் நல்ல இணைய இணைப்பும் வேண்டும். பழையதற்கோ ஏறத்தாழ 2 ஜி.பி. போதும், இணையமே வேண்டாம். மற்றவர்கள் கழித்துப் போடும் கணிப்பொறியில்கூட ஓடும். இன்னொரு காரணமும் உண்டு: அதன் உள்ளே எளிதாக எட்டிப் பார்க்கலாம்.

ஒரு விமானம், ஐந்து பொட்டலம்

அந்தப் பதிப்புடன் சில விமானங்கள் சேர்ந்தே வந்தன. அவை போதாதென்று உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தாங்களே வேறு விமானங்களைச் செய்து, பலவற்றை இலவசமாகவே வழங்கினார்கள். அவற்றைக் கூடுதல் விமானங்கள் என்போம். என் ஆவ்ரோ அப்படி வந்ததுதான்.

ஆவ்ரோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் வடிவமைத்த இந்த விமானத்தை நம் நாட்டில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் கட்டியது. அங்கே உருவான முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள். இறக்கையின் அகலம் ஏறத்தாழ 30 மீட்டர். முழுச் சுமையுடன் எடை சுமார் 20 டன். இந்தியன் ஏர்லைன்ஸும் நம் விமானப்படையும் இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தின. உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், ‘ஆவ்ரோ’ என்றதும் அவருக்கு நினைவு வரலாம்.

கூடுதல் விமானம் என்பது கணிப்பொறியில் ஒரு கோப்புறைதான். அதற்குள் முக்கியமாக ஐந்து பொட்டலங்கள் இருக்கும். முதலாவது விமானத்தின் வெளி வடிவம். இரண்டாவது அதன்மேல் போர்த்தும் வண்ணத் தோல். மூன்றாவது விமானி பார்க்கும் கருவிப் பலகை. நான்காவது எஞ்சின் ஒலி. ஐந்தாவது எண்கள். முதல் நான்கும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. விமானம் பறப்பதோ ஐந்தாவதால்தான். எடை எவ்வளவு, ஈர்ப்பு மையம் எங்கே, இறக்கையின் பரப்பு என்ன, நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும்.

இந்த எண்களைக் கொண்டு கணிப்பொறி செய்வது நியூட்டனின் இரண்டாம் விதிக் கணக்கு. இந்த நொடியில் விமானத்தின் மேல் உள்ள விசைகள் எவை? அவற்றைக் கூட்டி நிறையால் வகுத்தால் முடுக்கம். அதிலிருந்து புதிய திசைவேகம்; அதிலிருந்து புதிய இடம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இப்படி ஒரு விநாடிக்குப் பல முறை.

இதை நோட்டுப் புத்தகத்திலேயே செய்யலாம். ஒரு கல் மேலிருந்து 3 விநாடி விழுகிறது. சூத்திரப்படி தூரம் 44.1 மீட்டர். இப்போது ஒரு விநாடிக்கு ஒரு படியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு படியிலும் தொடக்க வேகமே நீடிப்பதாகக் கொள்ளுங்கள். முதல் விநாடியில் தூரம் 0, இரண்டாவதில் 9.8, மூன்றாவதில் 19.6. மொத்தம் 29.4 மீட்டர்தான்! விநாடிக்குப் பத்துப் படியாகச் செய்தால் 42.63 மீட்டர் வரும். படி சிறிதாகச் சிறிதாக விடை உண்மையை நெருங்குகிறது. ஆனால் அது எப்போதும் நெருங்கிய விடைதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கழித்தல் குறி செய்த வேலை

முதன்முறை ஆவ்ரோவில் பயணிகளை ‘ஏற்றி’த் திருச்சியில் கிளம்பினேன். ஓடுபாதை முடியப்போகிறது, மூக்கு நிமிரவே இல்லை. மூன்று முறை முயன்றும் அதே கதை. எஞ்சினைக் குறை சொன்னேன், நிரலைக் குறை சொன்னேன். பக்கத்தில் இருந்த என் அக்கா மகன், பத்தாம் வகுப்பு மாணவன், “ஆளுங்களை எங்க மாமா உட்கார வச்சீங்க?” என்று கேட்டான்.

அங்கேதான் தவறு. அந்தக் கோப்பில் நீளம் அடியிலும் எடை பவுண்டிலும் எழுதப்படும். ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து முன்பக்கம் கூட்டல், பின்பக்கம் கழித்தல். பின்வரிசைப் பயணிகள் பத்துப் பேரை 20 அடி பின்னால் வைப்பதாக நினைத்து, கழித்தல் குறியைப் போட மறந்திருந்தேன். அத்தனை பேரும் மூக்குப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள்!

ஏற்றப் பலகை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 170 பவுண்டு என்றால் பத்துப் பேருக்கு 1,700. அதை 20 அடியால் பெருக்கினால் திருப்புத்திறன் 34,000 பவுண்டு-அடி. குறி மாறியதால் வித்தியாசம் இரு மடங்கு, 68,000. விமானத்தின் எடை 40,000 பவுண்டு என்று கொண்டால், ஈர்ப்பு மையம் 68,000 ÷ 40,000 = 1.7 அடி முன்னே நகர்ந்துவிட்டது. இருபது டன் விமானத்தை ஒன்றே முக்கால் அடி மண்டியிட வைத்துவிட்டது. உண்மை விமானத்தில் பயணிகளின் இருக்கையையும் சரக்கு வைக்கும் இடத்தையும் ஏன் கணக்குப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா?

அடுத்து வெயில். சிமுலேட்டரில் வெப்பநிலையை நாமே வைக்கலாம். 15 டிகிரி செல்சியஸில் ஒரு முறையும், திருச்சியின் கோடையைப் போல 40 டிகிரியில் ஒரு முறையும் கிளம்பினேன். காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 288-ஐ 313-ஆல் வகுத்தால் 0.92. அதாவது காற்று 8 சதவீதம் இலேசாகிறது. அதே எடையைத் தூக்க வேகம் சுமார் 4 சதவீதம் கூட வேண்டும். முடுக்கம் மாறாவிட்டாலும் ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். மேசை ஆவ்ரோ அதைவிடவும் கூடுதலாகவே ஓடியது. ஏனெனில் இலேசான காற்றில் எஞ்சினின் திறனும் குறைகிறது.

காணாமற்போன ஊர்

கிளம்பியதும் எவரும் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான். திருச்சியிலிருந்து மதுரைக்கு நேர்கோடு போட்டால், அது விராலிமலைக்கும் இலுப்பூருக்கும் இடையே செல்லும். அந்தக் கோட்டில் பறந்தோம். கீழே பச்சையும் பழுப்புமாகத் திட்டுகள். இலுப்பூர் இல்லை. விராலிமலைக் குன்றும் இல்லை, நார்த்தாமலையும் இல்லை.

காரணம் எளிது. சிமுலேட்டர் நிலத்தின் உயரத்தைக் கட்டம் போட்டு, கட்டத்தின் மூலைகளில் மட்டும் எண்ணாக வைத்திருக்கிறது. அந்தப் பழைய பதிப்பில் நம் பகுதிக்குக் கட்டங்கள் அகலமானவை. இரண்டு மூலைகளுக்கு இடையே நிற்கும் சிறு குன்று வலையில் சிக்காத மீனைப்போல் தப்பிவிடும். பெரிய மலையானால் முனை மழுங்கித் தெரியும்.

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் கொச்சியிலிருந்து மதுரைக்குப் பறந்தான். வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை. நான் மூடுபனி வைத்து, பார்வைத் தூரத்தை 2 கிலோமீட்டராக்கியிருந்தேன். மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி அவன் விமானத்தைத் தாழ்த்தினான். திரையில் திடீரென்று ஒரு பச்சைச் சுவர். அடுத்து மோதல் அறிவிப்பு. “மலையில மோதிடுச்சு மாமா! மறுபடியும் மொதல்லேருந்து!” என்று சிரித்தபடி விசையைத் தட்டப் போனான். அவன் விமானியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அன்று நான் கணிப்பொறியை நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்தேன்.

1971 டிசம்பர் 9 அன்று, மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் பார்வைத் தூரம் குறைந்திருந்தது. விமானத்தில் இருந்த 31 பேரில் ஊழியர் நால்வரும் பயணிகள் 17 பேரும் இறந்தனர். பத்துப் பேர் பிழைத்தனர். அந்த விமானம் ஓர் ஆவ்ரோ 748.

அவன் சிரிப்பு நின்றது. அன்றைய பார்வைத் தூரமும் வேகமும் நமக்கு வேண்டாம். நம் பாவனைப் பறப்பின் எண்களையே எடுத்துக்கொள்வோம் என்றேன். வேகம் மணிக்கு 300 கி.மீ., அதாவது விநாடிக்கு 83 மீட்டர். 2 கிலோமீட்டரில் மலை தெரிந்தால் மோதுவதற்கு 24 விநாடி இருக்கிறது. நிறைய நேரம்போல் தோன்றும். ஆனால் விமானம் நின்ற இடத்தில் திரும்பாது. சாலை வளைவின் சாய்மானத்துக்குப் படிக்கும் அதே சூத்திரம்தான் இங்கும்: திரும்பும் வட்டத்தின் ஆரம், வேகத்தின் இருமடியை புவியீர்ப்பு முடுக்கம், சாய்வுக் கோணத்தின் டான் மதிப்பு ஆகியவற்றின் பெருக்கல் தொகையால் வகுத்தால் வருவது. 30 டிகிரி சாய்ந்தால் ஆரம் சுமார் 1,220 மீட்டர். மலையைப் பார்த்து, புரிந்துகொண்டு, கை அசைய 5 விநாடி ஆனால் அதற்குள் 415 மீட்டர் போய்விடும். இரண்டும் சேர்ந்து 1,635. மிச்சம் 365 மீட்டர். அதாவது நான்கு விநாடிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் தயங்குவதற்கு இடம்.

இதனால்தான் மலைப்பகுதிகளில் இந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரைபடத்தில் முன்கூட்டியே எண் குறித்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம் என்பதை நம்பி அல்ல, கணக்கை நம்பி விதி எழுதப்பட்டிருக்கிறது.

நான் முதலில் சொன்ன பாடம் இதுதான். சிமுலேட்டர் நாம் கொடுத்த எண்ணை அப்படியே நம்பும். கழித்தல் குறியை விட்டால் பயணிகளை மூக்கில் உட்கார வைக்கும். கட்டத்தில் மலை இல்லையென்றால் மலையே இல்லை என்று சாதிக்கும். உண்மைக் காற்றும் உண்மை மலையும் அப்படியல்ல. ஆகவே எந்தப் பாவனைப் பொறியையும், அது விமானத்துக்கானதாயினும் வானிலைக்கானதாயினும், ‘இதற்கு எது தெரியாது?’ என்று கேட்டுக்கொண்டே பயன்படுத்த வேண்டும்.

கணிப்பொறி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கல் விழும் கணக்கை அரை விநாடிப் படியில் செய்து பாருங்கள். 36.75 மீட்டர் வந்தால் உங்கள் விடை சரி. பிறகு உங்கள் ஊரின் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் கட்டம் போட்டு, மூலைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குன்று, எந்தக் கோபுரம், எந்த ஏரிக்கரை விடுபட்டுப்போகிறது என்று எழுதுங்கள்.

என் அக்கா மகன் இப்போதும் ஞாயிறுதோறும் ஆவ்ரோ ஓட்ட வருகிறான். கிளம்புவதற்கு முன் உண்மையான வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வழியிலுள்ள மலைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறான். அதன் பிறகே எஞ்சினை முடுக்குகிறான்.