குனிந்து ஓட்டுபவரும் நிமிர்ந்து ஓட்டுபவரும்

சப்ரகமுவத் தோட்டப் பாதைகளில் ஸ்போர்ட்ஸ் பைக்கும் குரூசரும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பைக் வைத்திருக்கும் இளைஞர்களிடையே இன்று இரண்டு கட்சிகள் உண்டு. யமஹா ஆர்15, பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் குனிந்து ஓட்டுபவர்கள் ஒரு கட்சி. பஜாஜ் அவெஞ்சர், ரோயல் என்ஃபீல்ட் மீட்டியோர் போன்ற குரூசர்களில் நிமிர்ந்து, காலை முன்னே வைத்து ஓட்டுபவர்கள் மறு கட்சி. முதல் கட்சிக்குக் குரூசர் என்றால் ‘தாத்தா வண்டி’. இரண்டாம் கட்சிக்கு ஸ்போர்ட்ஸ் பைக்காரர் எல்லோரும் ‘ரேஸ் பைத்தியங்கள்’. இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் பேசுகின்றன. மீதிப் பாதியை நம் பாதைகள் சொல்லித் தரும்.

உடம்புக்குத் தெரியும் வேறுபாடு

ஆர்15 நான்காம் பதிப்பின் ஆசன உயரம் 815 மில்லிமீற்றர்; எடை 142 கிலோ; இரண்டு சில்லுகளின் மையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1,325 மில்லிமீற்றர். அவெஞ்சர் 220இன் ஆசன உயரம் 737 மில்லிமீற்றர்தான். எடை 163 கிலோ. சில்லு இடைவெளி 1,490 மில்லிமீற்றர். இந்தக் கணக்குகள் எல்லாம் சாலையில் உடம்புக்குத் தெரியும்.

இறக்குவானையிலிருந்து சூரியகந்த வழியாகத் தெனியாய போகும் பாதையில் முடக்குக்கு மேல் முடக்கு வரும். அங்கே குட்டையான, இலேசான ஸ்போர்ட்ஸ் பைக், பார்வை போகும் பக்கமெல்லாம் திரும்பும். நீளமான குரூசரை முன்கூட்டியே திருப்பத்துக்குத் தயார்படுத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் கால் மிதி தரையில் உரசும். ஆனால் அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை தாண்டி, களனி கங்கையை ஒட்டிக் கித்துல்கல வரை ஏழாம் இலக்க வீதியில் போகும்போது, குரூசரில் தோளும் மணிக்கட்டும் நோகாது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் நீண்ட இறக்கம் வந்தால் உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். பள்ளத்தில் விழும்போது நிலைமை தலைகீழ்: குரூசரில் கால் முன்னால் இருப்பதால் எழுந்து நிற்க முடியாது, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேலை கட்டிய அம்மாவை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப்போக ஸ்போர்ட்ஸ் பைக்கின் உயர்ந்த, ஒடுங்கிய பின் ஆசனம் உதவாது. பிரதான வீதியிலிருந்து லயம் வரை போகும் கல் பாதையிலோ இரண்டுமே திணறும். பழைய சிடி 100 பைக்தான் அங்கே ராஜா.

ஒன்று மற்றதற்கு ஆசான்

குரூசர் எனக்குத் தூரப் பார்வையைப் பழக்கியது. சட்டென்று திருப்ப முடியாத வண்டி என்பதால், முடக்குக்கு வெகு முன்பே எக்சிலேட்டரைத் தளர்த்தி, கியரைக் குறைக்கும் பழக்கம் வந்தது. ஸ்போர்ட்ஸ் பைக் கைத்திறனைக் கற்றுத் தந்தது: பிரேக் பிடிப்பதை நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடு, முன் பிரேக்கை மெல்ல இறுக்கு, முடக்கின் மறுமுனையைப் பார். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்தால்தான் சப்ரகமுவ ஓட்டம் முழுமையாகும்.

காரணம் இங்கே சாலை நாளுக்கொரு முகம் காட்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இரத்தினபுரி. மண்சரிவு மிஞ்சவிட்ட களி, லொறிகள் சிந்திய டீசல் எல்லாம் வளைவுகளில் தேங்கும். தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பனியில் நனைந்த அந்தச் சருகுமேல் பிரேக் பிடித்தால் எந்த வண்டியும் வழுக்கும். முடக்குக்கு அப்பால் கொழுந்து லொறி நடுரோட்டில் வரலாம். அந்தக் கணத்தில் வண்டி என்ன ரகம் என்பதற்குப் பொருளே இல்லை.

2022 எரிபொருள் நெருக்கடி இதை இன்னொரு விதத்தில் உணர்த்தியது. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் வாரத்துக்கு 4 லீற்றர்தான். ஒரே வரிசையில் நின்ற இரு கட்சியினரும் ஒவ்வொரு துளியையும் எண்ணி, நிதானமாக ஓட்டினார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்த நிதானம் போயிருக்கத் தேவையில்லை.

பெருமைக்கு உரிய வண்டி

தோட்டத்தில் பைக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், சின்னத்துரை மலை பார்க்க வருகிறார் என்று பொருள். தொழிலாளர்கள் பாதையோரம் ஒதுங்கி நின்றார்கள். இன்று பால் வெட்டுகிறவரின் மகனும் கொழுந்து பறிக்கிறவரின் மகளும் தம் பெயரிலேயே லீசிங் எடுத்து வண்டி வாங்குகிறார்கள். குடியிருக்கும் அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லாத பல குடும்பங்களில், அரச பதிவில் பெயர் ஏறிய முதல் உடைமை ஒரு பைக். அதில் கொள்ளும் பெருமை நியாயமானது. அதை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் அந்தப் பெருமை சைலன்சரைக் கழற்றி ஊரை அதிரவைப்பதில் இல்லை. நடைபாதை இல்லாத தோட்டத்து ரோட்டில் காலையில் பிரட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நம் சொந்த சனம். துரையின் வண்டிக்கு ஒதுங்கிய அவர்களை நம் வண்டிக்குப் பயந்தும் கானுக்குள் இறங்க வைப்பது பெரும் அநியாயம்.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள்; அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் ஏராளம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் மலைக்கு மேலுள்ள டிவிஷனுக்கு அது ஏறி வர நேரம் எடுக்கும். ஆகவே தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுபவமுள்ள ஓட்டுநர்களை அழைத்து, ஆளில்லாத மைதானத்தில், ஈரத் தரையில், பிரேக் பிடிக்கும் பயிற்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். குரூசர்காரரும் ஸ்போர்ட்ஸ் பைக்காரரும் அங்கே சாவியை மாற்றிக்கொள்ளட்டும். பின்னால் இருப்பவருக்கும் நல்ல ஹெல்மட் வாங்குங்கள். ஒரு தவணைப் பணத்தைவிட அது பெரிய செலவல்ல.